படத்துக்குக் கீழே இரண்டு வரி

தைப் பொங்கல் முடிந்த கையோடு நாளிதழ்களின் திண்டுக்கல் பக்கங்களில் ஒரு படம் தவறாமல் வரும். பட்டிவீரன்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற சேவுகம்பட்டியில், சோலைமலை அழகர் பெருமாள் கோயில் விழாவில் வாழைப்பழம் சூறை விடுகிற படம். நேர்த்திக்கடனாகக் கூடை கூடையாகக் கொண்டுவந்த பழங்களை வீசுகிறார்கள். கூட்டம் கைகளை உயர்த்தி ஏந்துகிறது. பார்த்தவுடன் மனம் குதூகலிக்கிற படம்தான். அந்தக் குதூகலத்தில் பாதிக்குமேல் கேமரா செய்த வேலை. ஷட்டர் 1/1000 நொடிக்குத் திறந்து மூடினால் பழம் ஒவ்வொன்றும் அந்தரத்தில் அசையாமல் தொங்கும். 1/15 நொடி என்றால் அதே பழங்கள் மஞ்சள் கோடுகளாக இழுபட்டுவிடும். தள்ளி நின்று டெலி லென்ஸில் எடுத்தால் நூறு பேர் கூட்டம் ஆயிரம் பேராக நெருக்கியடித்துத் தெரியும். கூட்டத்துக்குள் நுழைந்து வைடு லென்ஸில் எடுத்தால் முன்னால் நிற்பவரின் கை பூதாகரமாகி, கோயில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். இனி அந்தப் படத்தில் கோபுரத்தையும் பழத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, அண்ணாந்த முகங்களையும் உயர்ந்த கைகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஊரே தெரியாத ஒருவரிடம் நீட்டிப் பாருங்கள். 2015 சென்னை வெள்ளத்தில் உணவுப் பொட்டலத்துக்காக நீண்ட கைகள் என்று சொன்னால் அவர் நம்பிவிடுவார். கண் கலங்கவும் செய்வார். படத்தில் எதுவும் பொய்யில்லை. கைகள் உண்மை, முகங்கள் உண்மை. பசியும் பக்தியும் ஒரே மாதிரி கையை உயர்த்துகின்றன, அவ்வளவுதான்.

ஒரு படம் ஆயிரம் வார்த்தைக்குச் சமம் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். புகைப்படம் தானே கதை சொல்லும், தானே நெஞ்சைத் தொடும் என்பது இன்று யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. இதில் இரண்டாவது பாதி சரி. உணர்ச்சியைக் கிளப்புகிற வேலையைப் புகைப்படம் தன்னந்தனியாகச் செய்துவிடும். எழுத்தறியாதவரிடமும், வேற்று மொழிக்காரரிடமும், மூன்று வயதுப் பிள்ளையிடமும் செய்துவிடும். முதல் பாதியில்தான் கோளாறு. கதையை அதற்கு யாராவது கொடுக்க வேண்டும்: இது யார், எந்த ஊர், எந்த நாள், எதனால் இப்படி. அதைக் கொடுப்பவர் கையில்தான் மடை இருக்கிறது. பார்ப்பவரின் கண்ணீரும் கோபமும் எந்தப் பக்கம் பாயும் என்பதை அவர் திருப்பிவிடலாம். ரஷ்யத் திரைப்பட இயக்குநர் லெவ் குலஷோவ் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் செய்த சோதனையைச் சினிமா எடிட்டர்கள் எல்லாரும் அறிவார்கள். எந்த பாவமும் இல்லாத ஒரு நடிகரின் முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஒருமுறை சவப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒருமுறை ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டிக் காட்டினார். பசியையும் துயரத்தையும் ஆசையையும் எவ்வளவு நுட்பமாக நடித்திருக்கிறார் என்று பார்த்தவர்கள் மெச்சினார்களாம். மூன்று முறையும் காட்டியது ஒரே துண்டுப் படம். பத்திரிகையில் அந்தச் சூப் கிண்ணத்தின் இடத்தில் இருப்பது படத்துக்குக் கீழே அச்சாகும் இரண்டு வரி. அதைக் கடைசி நிமிடத்தில், இடம் மிச்சமிருந்தால் நிரப்பும் சில்லறை வேலையாகவே நம் பத்திரிகை உலகம் நடத்திவருகிறது.

இதற்கு நம் மண்ணிலேயே மிகப் பழைய சாட்சி ஒன்று உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று கும்மிப் பாட்டுகளிலும் பாட்டிமார் பேச்சிலும் நிலைத்துவிட்ட 1876-78 பஞ்சம். சென்னை மாகாணமும் மைசூரும் அதைச் சுற்றியுள்ள சீமைகளும் வறண்டன. திண்டுக்கல் அன்று சேர்ந்திருந்த மதுரை ஜில்லாவும் தப்பவில்லை. செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. அந்தப் பஞ்சத்தை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்கிற ராணுவ அதிகாரி படமெடுத்தார். மதராஸ் குதிரைப்படையைச் சேர்ந்தவர். எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்கார வைத்தும் சாய்த்தும், விலா எலும்பு எண்ணத் தெரிகிற மாதிரி திருப்பியும் எடுத்த படங்கள் அவை. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில் படம் பதிவதற்கு ஆள் அசையாமல் இருந்தாக வேண்டும். ஆகவே தற்செயலாகக் கண்ணில் பட்டதைப் பிடித்த படம் என்று எதையும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் அடுக்கி அமைத்த காட்சி. படம் முடிந்ததும் அவர்களைச் சோறு கொடுக்காமல் அனுப்பிவிட்டார் என்கிற பழி ஹூப்பர்மேல் இன்றுவரை இருக்கிறது. 1886இல் மண்டலேயில், கைதிகளைச் சுட்டுக் கொல்லும் நொடியைப் படம்பிடிக்க முயன்றதற்காக அவர்மேல் விசாரணையே நடந்தது. ஆனால் ஹூப்பரின் குணத்தை அலசுவது எளிது. அதைவிடக் கவனிக்க வேண்டியது அந்தப் படங்களோடு பயணித்த வாசகங்கள்.

ஒரு படத்தின் கீழ் ‘இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். இந்த ஒரு வரி என்னென்ன செய்கிறது பாருங்கள். படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, அவர்கள் என்ன பயிர் செய்தார்கள், யாரிடம் வேலை செய்தார்கள், எத்தனை பேரைப் புதைத்துவிட்டு வந்தார்கள் என்பது இல்லை. ‘தகுதி’ மட்டும் இருக்கிறது. சோறு போடலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் படத்தைப் பார்ப்பவரை அந்த வரி உட்கார்த்திவிடுகிறது. அதே வேளையில், பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் நாள் முழுக்க உழைக்கும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்திருந்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. பட்டினிச் சாவு நடந்துகொண்டிருக்க, இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. வைஸ்ராய் லிட்டன் சந்தையில் கைவைக்கக் கூடாது என்கிற கொள்கையில் உறுதியாக இருந்தார். இவற்றில் ஒன்றுகூடப் படத்தில் தெரியாது, தெரியவும் முடியாது. விலா எலும்பைக் காட்ட கேமராவால் முடியும், கூலி உத்தரவைக் காட்ட முடியாது. அந்த உத்தரவை வாசகத்தில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஆகவே லண்டனில் அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குப் பஞ்சம் வானத்திலிருந்து விழுந்த சாபமாகத் தெரிந்தது. அவர்கள் மனம் இரங்கியது.

மனம் இரங்கினால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1877 ஆகஸ்டில் லண்டன் மேன்ஷன் ஹவுஸில் தொடங்கிய நிதிக்கு லட்சக்கணக்கில் பவுண்டு பணம் சேர்ந்தது. பஞ்சச் செய்திகளும் படங்களும் கிளப்பிய இரக்கம் அதில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கஞ்சித் தொட்டியில் ஒரு வேளை கஞ்சி குடித்துப் பிழைத்த ஒருவருக்கு, அந்தக் காசு எந்த மாதிரி வாசகத்தால் வந்தது என்பது பொருட்டே இல்லை. இதை ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். ஆனால் இரக்கத்துக்கு ஆயுள் குறைவு. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் கவிழ்ந்து கிடந்த சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் படம் உலகை உலுக்கியது. உளவியலாளர் பால் ஸ்லோவிக்கும் அவரோடு ஆய்வு செய்தவர்களும், சிரிய அகதிகளுக்காக ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வந்த நன்கொடையைப் படத்துக்கு முன்னும் பின்னும் நாள்வாரியாகப் பார்த்தார்கள். படம் வந்த வாரத்தில் அது பல மடங்கு எகிறியது. சுமார் ஆறு வாரத்தில் இறங்கிவிட்டது. போர் அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது. படகுகள் கவிழ்ந்துகொண்டுதான் இருந்தன. நெஞ்சைப் பிழிவது படத்தால் முடிகிற காரியம். பிழிந்த நெஞ்சுக்கு அடுத்து என்ன வேலை என்று சொல்ல அதனால் முடியவில்லை. தாது வருஷத்துப் படங்களும் கூலி உத்தரவை மாற்றச் சொல்லி யாரையும் தூண்டியதாகத் தெரியவில்லை. காசு கொடுக்கத் தூண்டின.

நம் காலத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா, 28ஆம் தேதி கடலூரில் எடுத்த படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. ஒரு பெண் மணலில் கவிழ்ந்து கிடக்கிறார். உள்ளங்கைகள் இரண்டும் வானத்தைப் பார்த்து விரிந்திருக்கின்றன. இறந்த உறவினரின் உடலில் ஒரு கை மட்டும் சட்டகத்தின் ஓரத்தில் தெரிகிறது. கட்டுக்கோப்பு என்று பார்த்தால் இதை மிஞ்சுவது கடினம். சாவு ஓரத்தில் இருக்கிறது, இழப்பு நடுவில் இருக்கிறது. பிணத்தை முழுசாகக் காட்டியிருந்தால் பாதிப் பேர் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். மேலைநாட்டு வாசகர் இதில் மனித குலத்துக்கே பொதுவான துயரத்தைப் பார்த்திருப்பார். கடற்கரை மாவட்டத்துக்காரர் பார்ப்பது வேறு: மாரடித்து, மண்ணில் விழுந்து புரண்டு அழும் நம்மூர் இழவு முறை. உடல் எப்படி விழ வேண்டும் என்பதைக்கூட ஒரு வழக்கம் கற்றுக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதிகச் சாவு நாகப்பட்டினம் மாவட்டத்தில், 6,000க்கும் மேல். உலகின் நினைவில் பதிந்தது கடலூர்க் கரை. புகைப்படத்துக்கு விகிதாசாரம் தெரியாது என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

இங்கேதான் என் வாதத்துக்கு வலுவான எதிர்ப்பு வரும். அந்தப் பெண்ணின் பெயர் தெரியாமல்தானே உலகம் அழுதது? பெயரும் ஊரும் சேர்த்திருந்தால் அவர் ஒரு தனி ஆளாகச் சுருங்கியிருப்பார். பெயர் இல்லாததால்தானே உறவை இழந்த எல்லாருக்குமாக நிற்கிறார்? கலைப்படைப்பு என்ற அளவில் இது சரி. சிற்பத்துக்குப் பெயர்ப்பலகை தேவையில்லை. ஆனால் பத்திரிகைப் புகைப்படத்தில் இருப்பவர் சிற்பம் இல்லை. படம் வந்த மறுநாளும் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியவர். எல்லாருக்கும் பொதுவாகிப்போன முகத்தை எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஆகிவிடுகிறது. இதையும் அதே ஆர்கோ தத்தாவின் இன்னொரு படமே காட்டுகிறது. 2002 மார்ச் 1 அன்று அகமதாபாத்தில், கலவரக் கும்பலுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு தையல் தொழிலாளி, கண்ணில் நீர் தளும்பக் கை கூப்பி, தன்னைக் காப்பாற்றச் சொல்லி அதிரடிப்படையிடம் கெஞ்சுகிற படம். குஜராத் கலவரத்தின் முகம் என்று அவரை உலகம் அழைத்தது. அவர் பிழைத்துவிட்டார், ஆனால் அந்தப் படம் போகிற இடமெல்லாம் கூடவே வந்தது. வேலை போனது, ஊரை விட்டுப் போக நேர்ந்தது, கொஞ்ச காலம் கொல்கத்தாவில் அடைக்கலம் தேடினார். அரசியல் கட்சிகள் அவரைக் கேட்காமலேயே அவர் முகத்தைப் பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்டன. கை கூப்பிய ஒரு நொடி, அவர் வாழ்ந்த மற்ற ஆண்டுகளை எல்லாம் விழுங்கிவிட்டது. கலவரத்தை மறைக்க முயன்றவர்களுக்கு எதிராக அந்தப் படம் பெரிய சாட்சி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது எடுக்கப்பட்டதும் அச்சானதும் சரிதான். அச்சான பிறகு, அந்த மனிதர் யார், என்ன ஆனார் என்று தொடர்ந்து எழுதுகிற பொறுப்பைத்தான் பெரும்பாலான பத்திரிகைகள் கைகழுவிவிட்டன.

தமிழ்நாட்டைப் புகைப்படம் எந்த அளவுக்கு உலுக்க முடியும் என்பதற்கு 2013 பிப்ரவரியைவிட நெருக்கமான சான்று கிடையாது. விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரனின் படங்கள் அப்போது வெளியாயின. மணல் மூட்டை அடுக்கிய பதுங்குகுழியில், தோளில் துணியைப் போர்த்தியபடி எதையோ கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அடுத்த படத்தில் மார்பில் குண்டு பாய்ந்த உடலாகக் கிடக்கிறான். இதில் பலர் மறந்துவிட்ட ஒரு விஷயம் உண்டு. உடல் கிடக்கும் படம் புதிதல்ல. முந்தைய ஆண்டே சேனல் 4 ஆவணப்படத்தில் வந்துவிட்டது. அப்போதும் கோபம் எழுந்தது; ஆனால் தெரு நிரம்பவில்லை. தெருவை நிரப்பியது சாவின் படம் இல்லை, சாவுக்கு முந்தைய படம். ரத்தம் இல்லாத, அழுகை இல்லாத, ஒரு சிறுவன் தின்பண்டம் தின்கிற சாதாரணப் படம். ஏன்? இரண்டும் ஒரே கேமராவில், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளியில் எடுத்தவை என்று ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படக் குழு சொன்னது. அந்த இடைவெளிதான் கதை. பிடிபட்டு உயிரோடு உட்கார்ந்திருந்த பிள்ளை பிறகு எப்படிச் செத்தான் என்கிற கேள்வியை நேரக் குறிப்பு கேட்டது; இரண்டு படங்களில் எதுவும் தனியாக அதைக் கேட்டிருக்க முடியாது. போரின் குறுக்கே மாட்டிக்கொண்டு இறந்தான் என்கிற சமாதானத்துக்கு அதன்பின் இடமில்லாமல் போயிற்று. படங்கள் போலி என்கிற பாணியில் இலங்கைத் தரப்பு மறுத்தது.

மார்ச் மாதம் லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அது கல்லூரி கல்லூரியாகப் பரவியது. மார்ச் 19 அன்று மத்திய ஆட்சிக் கூட்டணியிலிருந்து தி.மு.க. விலகியது. அந்த ஆண்டு ஐ.பி.எல். போட்டிகளில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடவில்லை. இத்தனையும் ஒரு படத்தால் நடந்தன என்று சொல்வது மிகை, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் கூடிய சமயம் அது, ஈழப் போர் முடிந்த 2009இலிருந்தே உள்ளே கனன்ற குற்ற உணர்வும் இருந்தது. படம் தீக்குச்சியைக் கிழித்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். அதன்பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். சுவரொட்டிகளிலும் ஃபிளெக்ஸ்களிலும் அந்தப் பிள்ளையின் முகம் வந்தது. பக்கத்திலேயே தலைவர்களின் முகம், அதைவிடப் பெரிதாக, வந்தது. நேரக் குறிப்பு காணாமல் போனது. எப்போது, எங்கே, யார் காவலில் என்கிற கேள்விகள் போய், ‘வீர வணக்கம்’ வந்தது. ஒரு விசாரணை அதிகாரியின் மேஜையில் இருக்க வேண்டிய சான்று, பொதுக்கூட்ட மேடையின் பின்துணியாகிவிட்டது. உணர்ச்சி குறையவில்லை, கதை மட்டும் கழன்றுவிட்டது.

புகைப்படத்துக்கும் சாட்சியத்துக்கும் உள்ள உறவை 2018 மே 22 தூத்துக்குடியும் காட்டியது. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். காவல் வாகனத்தின் கூரைமேல் மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஒருவர் துப்பாக்கியால் குறிபார்க்கிற காட்சி அன்று மாலைக்குள் ஒவ்வொரு கைபேசிக்கும் வந்துவிட்டது. சீருடை இல்லாதது, கூரைமேல் ஏறியிருப்பது, நிதானமாகக் குறிபார்ப்பது: கலவரத்தில் தற்காப்புக்காகச் சுட்டோம் என்கிற விளக்கத்தை இந்த மூன்று விவரங்களும் தின்றுவிட்டன. ஆனால் உத்தரவு யார் கொடுத்தது என்பது படத்தில் இல்லை. அதைத் தேட நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு ஆண்டு எடுத்துக்கொண்டு, 2022இல் அறிக்கை தந்தது.

அளவுக்கு மீறிப் பார்த்தால் மனம் மரத்துப்போகும் என்பது இன்னொரு வாதம். சூசன் சான்டாக் 1977இல் வெளியான தம் புகழ்பெற்ற நூலில் அப்படித்தான் எழுதினார். 2003இல் வந்த இன்னொரு நூலில் அது உண்மைதானா என்று தம்மையே குறுக்கு விசாரணை செய்தார். என் எண்ணம் அந்த இரண்டாவது சான்டாக்கின் பக்கம். மரத்துப்போகச் செய்வது எண்ணிக்கை என்றால், வீட்டுக் கூடத்தில் மாலையும் பொட்டும் வைத்து, சின்ன பல்பு எரிய மாட்டியிருக்கும் தாத்தா படம் முப்பது வருடமாகத் தினம் கண்ணில் பட்டும் ஏன் மரத்துப்போகவில்லை? அந்தப் படத்துக்கு வீட்டில் எல்லாரும் வாசகம் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். திதி வரும்போது, சண்டை வரும்போது, பேரனுக்கு மூக்கு அவரைப்போல் இருக்கிறது என்று சொல்லும்போது. அந்தப் பேச்சு நின்ற வீட்டில் படமும் வெறும் சட்டமாகிவிடுகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிச் சேகரித்து எண்மப்படுத்தியிருக்கிறது. திரைச்சீலைக்கு முன் விறைத்து நிற்கும் தம்பதிகள், இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துக் குடும்பமே சுற்றி நின்று எடுத்த படங்கள் என்று நூறாண்டு காலத்துத் தமிழ் முகங்கள். இவற்றில் பலவற்றில் நிற்பது யார் என்று சொல்ல இன்று ஆளில்லை. ஜரிகையின் அழகு தெரிகிறது, நகையின் கனம் தெரிகிறது, கண்ணில் ஒரு மிரட்சிகூடத் தெரிகிறது. அவர் பெயர் தெரியாதபோது அது மிரட்சியா அல்லது ஃப்ளாஷ் வெளிச்சத்தின் கூச்சமா என்று தீர்மானிக்க வழியில்லை.

இந்தச் சிக்கலுக்கு விடை எங்கோ வெளிநாட்டில் இல்லை. சேவுகம்பட்டியிலிருந்து அதிகத் தொலைவில்லாத வாடிப்பட்டிக்காரர் ஜெய்சிங் நாகேஸ்வரன். தாமாகவே புகைப்படம் கற்றவர். கொரோனா ஊரடங்கில் சொந்த வீட்டுக்குத் திரும்பியவர், தம் குடும்பத்தையே படமெடுக்கத் தொடங்கினார். மேக்னம் அறக்கட்டளையின் நல்கை வரை அந்தப் பாதை போனது. தலித் குடும்பத்தின் படம் என்றால் எரிந்த குடிசையும் அழும் தாயும்தான் என்று பழகிப்போன கண்ணுக்கு, அவர் காட்டுவது அம்மா, பிள்ளைகள், வீட்டு வெளிச்சம், விளையாட்டு. யாரோ ஒருவராக யாரும் இல்லை, எல்லாரும் உறவு. கல்வியால் தலைநிமிர்ந்த தம் பாட்டியின் கதையையும் சேர்த்தே சொல்கிறார். மதுரை மாவட்டத்துக்காரரான மா. பழனிகுமார் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறார். மலக்குழி மரணங்களைப் பற்றி திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். பாரி என்கிற ஊரக இணையக் களஞ்சியத்தின் புகைப்படக்காரர். தயானிதா சிங் - பாரி விருதை முதன்முதலில், 2022இல், பெற்றவர். மலக்குழியில் இறங்கிச் செத்தவரின் படத்தை ஒரு முறை அச்சிட்டுவிட்டுப் போவதில் அவருக்கு நிறைவில்லை. விட்டுச்சென்ற மனைவி, பிள்ளைகள், அவர்கள் வேலை என்று பின்தொடர்கிறார். இப்படிப் பின்தொடர்வது உணர்ச்சியைக் குறைத்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு குத்துக்குப் பதிலாக நீண்ட விவரணை வந்துவிடுகிறதாம். ஆனால் மலக்குழிச் சாவுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னதும், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியதும் இரக்கத்தின் பெயரால் மட்டும் நடக்கவில்லை. யார், எந்தத் தேதியில், எந்தக் குழியில், யார் இறக்கிவிட்டு என்று பல ஆண்டுகள் பட்டியல் போட்டவர்களால் நடந்தது.

பாதிக்கப்பட்டவர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் மடியில் பிள்ளையின் படம். அடையாள அட்டைக்கோ பள்ளிச் சான்றிதழுக்கோ கல்யாண ஆல்பத்துக்கோ எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருப்பார்கள். எந்தக் கலை நோக்கமும் இல்லாத, நேராகப் பார்க்கும் முகங்கள். அந்தப் பலகைகளில் முகத்தோடு எழுத்தும் இருக்கும்: பெயர், காணாமல் போன தேதி, இடம். முகத்தை மட்டும் நீட்டினால் பார்ப்பவர் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவார் என்று அந்தத் தாய்மாருக்கு எந்த இதழியல் கல்லூரியும் சொல்லித் தரவில்லை. தேதியும் இடமும் எழுதியிருந்தால் அன்று அங்கே பொறுப்பில் இருந்த அதிகாரி பதில் சொல்ல வேண்டும். அது அழுகைக்கான வாசகம் இல்லை, குற்றச்சாட்டு.

கடைசியாக ஒரு எதிர்ப்பு. வாசகம் எழுதுகிறவர் பொய் எழுதினால்? ஹூப்பர் படத்தின் வாசகம் செய்த வேலையை நான்தானே முன்னால் சொன்னேன்? ஆம், வாசகமும் ஆயுதம்தான். ஆனால் பொய் வாசகத்தைச் சரிபார்க்கலாம். வாசகமே இல்லாத படத்தைச் சரிபார்க்க ஏதுமில்லை. 1972 ஜூன் 8 அன்று வியட்நாமின் ட்ராங் பாங் கிராமத்தில் நேபாம் குண்டில் வெந்து ஓடிவந்த சிறுமியின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்தவர் ஏ.பி. நிறுவனத்தின் நிக் உட் என்று அரை நூற்றாண்டாக நம்பினோம். 2025இல் ஓர் ஆவணப்படம் அதை மறுத்தது, உலகப் பத்திரிகைப் புகைப்பட அமைப்பு அவர் பெயரை நிறுத்திவைத்தது, ஏ.பி. மட்டும் அவர் பெயரை விடாமல் வைத்திருக்கிறது. எடுத்தவர் யார் என்பதே வழக்காகியும் அந்தப் படத்தின் உண்மை ஆட்டம் காணவில்லை. சிறுமியின் பெயர் கிம் ஃபுக் என்பதும், கிராமமும், நாளும், குண்டு போட்டது எந்த விமானம் என்பதும் உறுதியாகப் பதிவாகியிருந்தன. இதற்கு நேர் எதிர் முனையில் 2024 மே மாதம் சுற்றிய ‘எல்லாக் கண்களும் ரஃபாமீது’ படம். செயற்கை நுண்ணறிவு வரைந்த கூடார வரிசை. ஒரு முகம்கூட இல்லை. இன்ஸ்டாகிராமில் 4 கோடிக்கும் அதிகமானோர் பகிர்ந்தார்கள். பகிர்ந்தவர்களின் வேதனை போலி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காசாவில் உயிரைப் பணயம் வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் புகைப்படக்காரர்களின் நிஜப் படங்களைவிட, யாரையும் சுட்டாத அந்தக் கற்பனைப் படம் வேகமாகப் போனதற்குக் காரணம், அது யாரிடமும் எந்தக் கேள்வியும் கேட்காததுதான்.

இது பெரிய ஊர்களின் கவலை என்று ஒதுக்கவும் முடியாது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் பழைய வெள்ளப் படங்கள் புதிய ஊர்ப் பெயரோடு குழுக்களில் உலா வருகின்றன. பழைய விபத்து நேற்று நடந்ததாகத் திரும்பி வருகிறது. அதில் ஒரு பங்கு விஷமம் என்றால், இன்னொரு பங்கு வெறும் தொழில்நுட்பம். கைபேசி எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதி, நேரம், அனுமதித்திருந்தால் இடமும் பதிவாகிறது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும். ஊர் நிருபர் டெஸ்க்குக்கு அனுப்பும் படமும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகிறது. அதையே டாக்குமெண்டாக அனுப்பினால் தேதியும் நேரமும் கூடவே போகும். படத்தில் இருப்பவர் பெயரையும், அவர் ஏன் அங்கே நின்றார் என்பதையும் எந்தக் கேமராவும் பதிவு செய்யாது. அதை நிருபர் அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.